ஆங்கிலத் துறையின் அம்மா

அந்த உயர்நிலைப் பள்ளியில் படித்த அத்தனை பேருக்கும் ஒரே அம்மாதான். அவள் சேவல் கூவும் முன்பே எழுந்துவிடுவாள். முகத்தில் எப்போதும் புன்னகை தவழும். பிள்ளைகளுக்குச் சூடாகப் பால் கொடுப்பாள், தலை வாரிவிடுவாள், வாசலில் நின்று அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை கையசைப்பாள். கோபம் என்பதே வராது. களைப்பும் வராது. தன்னையே உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி அவள். ஆகையால் நான் என் அம்மாவை மிகவும் நேசிக்கிறேன்.

இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுதினால் முழு மதிப்பெண்.

அடுக்குமாடிக் கட்டடங்களும் லாரி ஷெட்டுகளும் தொழிற்சாலைச் சுவர்களுமாக இருக்கும் அந்த ஊரில் சேவலை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் வருடா வருடம் அது தவறாமல் கூவியது. அம்மாவைப் போலவே எல்லோருக்கும் ஒரே நண்பனும் உண்டு. அவன் நேரம் தவறாதவன், முத்துப்பல் வரிசைக்காரன், கணக்கில் புலி. எல்லோரும் ஒரே மழை நாளில் நனைந்தார்கள். எல்லோருடைய குடையும் ஒரே காற்றில் பறந்தது. ஒரே முதியவர் ஓடிப்போய் அதை எடுத்துக்கொடுத்தார். பாவம், எத்தனை தலைமுறைகளுக்குக் குடை பொறுக்கினார் என்று அவருக்கே நினைவிருக்காது.

பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்கான இந்த மாதிரிக் கட்டுரைகளை எல்லாம் முன்னொரு காலத்தில் இருந்த ஒரு துறைத் தலைவர் தம் கைப்பட எழுதினார் என்று ஆசிரியர் அறையில் பக்தியோடு சொல்வார்கள். அவர் ஏதோ உதவிப் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்தார் என்று பக்தி குறைந்தவர்கள் சொல்வார்கள். எது எப்படியோ, அவை ஆங்கிலத் துறையின் இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டிருந்தன. சாவி இப்போதைய துறைத் தலைவரின் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்தத் துறைக்குத்தான் அந்த ஆண்டு ஓர் ஆசிரியர் வேலைக்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றே அவருக்குப் 'புது சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்கு முன் இரண்டு மூன்று இடங்களில் ஒட்டாமல் உதிர்ந்து வந்தவர். இங்கே ஓராண்டு தகுதிகாண் பருவம். ஆண்டு முடிவில் துறைத் தலைவர் 'இவர் தேவலை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். எழுதிக் கொடுக்காவிட்டால் பழையபடி தெருத் தெருவாக அலைய வேண்டியதுதான். வீட்டில் கைக்குழந்தை இருந்தது. "இந்த இடத்துலயாவது வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

துறைத் தலைவர் அவரை எதிரே உட்காரவைத்துத் துறையை விளக்கினார்.

"இங்க மூணு பிரிவு சார். கிராமர் எதுக்கு? பிள்ளைங்க தப்பாப் பேசாம இருக்கறதுக்கு."

"பேசாமலே இருந்தா இன்னும் நல்லது" என்றார் பக்கத்து மேசையில் இருந்த இலக்கண ஆசிரியை. காற்புள்ளி ஒன்று இடம் மாறினால் அவருக்கு அன்று முழுவதும் தலைவலி. ஆகவே அவரைக் 'கமா டீச்சர்' என்றே எல்லோரும் சொல்வார்கள்.

"லிட்ரேச்சர் எதுக்கு? பிள்ளைங்க தப்பாப் புரிஞ்சுக்காம இருக்கறதுக்கு. அது நம்ம உட்பொருள் சார் பாத்துக்குவார். காம்போசிஷன் எதுக்கு? சொல்லுங்க பாப்போம்."

"எழுதறதுக்கு சார்."

துறைத் தலைவர் வருத்தத்தோடு சிரித்தார். "சொந்தமா எதையாவது எழுதித் தொலைச்சிடாம இருக்கறதுக்கு சார். அதுதான் நம்ம ரெண்டு பேர் பொறுப்பு."

புது சார் தலையை ஆட்டினார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்று அவர் அன்றிலிருந்தே பழகத் தொடங்கினார்.

பழகுவதற்கு வாய்ப்புகளுக்குக் குறைவே இல்லை. காலில் மாவுக்கட்டோடு ஒரு மாணவன் வந்தான். மாடிப்படியில் உருண்டு காலை முறித்துக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டில் கிடந்தவன். விடுப்புக் கடிதத்தில் கால் முறிந்துவிட்டது என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். கமா டீச்சர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"லீவ் லெட்டர்னா காய்ச்சல்தானே வரும்? கால் எங்கேருந்து வந்துச்சு?"

"கால்தான் டீச்சர் உடைஞ்சுது."

"அது உங்க வீட்டு விஷயம். லெட்டர்ல காய்ச்சல்."

மாணவன் கட்டுப் போட்ட காலைப் பெஞ்சுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, தான் கடும் காய்ச்சலால் அவதிப்படுவதாக எழுதிக் கொடுத்தான். டீச்சர் கடிதத்தை வரி வரியாகப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை. "பாத்தியா, இப்போ சரியாயிடுச்சு" என்றார்.

இலக்கிய வகுப்பில் ஒரு பாட்டு இருந்தது. ஜன்னலில் ஒரு பறவை வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பறந்துபோகும். பாட்டில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் பறவை என்றால் ஆன்மா, ஜன்னல் என்றால் உடம்பு, ஜன்னல் கம்பிகள் என்றால் ஐம்புலன்கள் என்று உட்பொருள் சார் கரும்பலகையில் எழுதிப்போட்டார். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றாள். "சார், அது நிஜமாவே பறவையா இருந்தா?"

"நிஜப் பறவையா இருந்தா அவர் எதுக்கும்மா பாட்டு எழுதறார்? நாலு தானியத்தைப் போட்டுட்டு வேலையைப் பாக்கப் போயிருப்பாரே" என்றார் உட்பொருள் சார். அந்த நேரம் பார்த்து ஒரு புறா அந்த ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பாடம் கெடுகிறது என்று அவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

அரையாண்டுத் தேர்வில் 'என் அம்மா' வந்தது. வேறு என்ன வரும்? புது சார் மாதிரிக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தார். சேவலுக்கு ஒரு டிக், புன்னகைக்கு ஒரு டிக், பாலுக்கு ஒரு டிக், மெழுகுவர்த்திக்கு ஒரு டிக். கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கை நின்றது.

அந்தக் கட்டுரையில் சேவல் இல்லை.

ஜன்னலோரத்துப் பெண்ணின் தாள் அது. அவளுடைய அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள். 'அம்மா வரும்போது எனக்கு விழிப்பு வந்துவிடும், ஆனாலும் தூங்குவது போல் கிடப்பேன்' என்று அவள் எழுதியிருந்தாள். 'அப்போதுதான் என் போர்வையைச் சரிசெய்வாள். அவள் புருவத்தில் மாவு இருக்கும். பிறகு படுத்துத் தூங்கிவிடுவாள். ஒரு காலைப் போர்வைக்கு வெளியே வைத்துத்தான் தூங்குவாள், ராத்திரியெல்லாம் அடுப்பு முன்னால் நிற்பதால் அந்தக் கால் எரியுமாம். நான் ஓசைப்படாமல் எழுந்து, ஓசைப்படாமல் சீருடை போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். கதவைச் சாத்துவதற்குள் மூச்சு முட்டும். அவள் தூக்கம் கலையக் கூடாது. காலை நேரத்தில் எங்கள் வீட்டில் நான்தான் அம்மா.'

இதில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. புது சாருக்கு அவை கண்ணில் படவில்லை. முழு மதிப்பெண் போட்டு, கீழே 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதினார். மறுநாள் தாளைக் கொடுக்கும்போது, "ரொம்ப நல்லா எழுதியிருக்கேம்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதை நினைத்து அவர் அன்று வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு போனார். அவர் அந்தப் பள்ளியில் விசில் அடித்தது அது ஒருமுறைதான்.

திருத்திய தாள்களைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி, ஒப்பீட்டுக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது துறையின் வழக்கம். துறைத் தலைவர் மாதிரிக் கட்டுரையையும் மாணவர் கட்டுரையையும் அக்கம்பக்கமாக வைத்து, ஸ்கேலை வரி வரியாக நகர்த்திக்கொண்டே போவார். இரண்டும் ஒன்றாக இருந்தால் கட்டுரை நன்றாக இருக்கிறது என்று பொருள். ஜன்னலோரத்துப் பெண்ணின் தாளில் ஸ்கேல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"சேவல் எங்க சார்?"

"அவங்க வீட்டுல சேவல் இல்ல சார்."

"யார் வீட்டுல சார் இருக்கு? எங்க வீட்டுல இருக்கா? டீச்சர், உங்க வீட்டுல இருக்கா? அதுக்காகச் சேவல் இல்லாம ஒரு அம்மா எழுந்திரிச்சுட முடியுமா?"

"இந்தம்மா எழுந்திரிக்கவே இல்லையே" என்றார் கமா டீச்சர், தாளை எட்டிப் பார்த்து. "தூங்கறாங்க! காம்போசிஷன்ல எந்த அம்மாவும் இதுவரைக்கும் தூங்கினதே இல்ல."

உட்பொருள் சார் மட்டும் தாளை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "போர்வைக்கு வெளியே ஒரு கால்... போர்வைன்னா சமுதாயம். கால்னா விடுதலை வேட்கை. ஆழமா இருக்கு."

புது சாருக்கு நம்பிக்கை வந்தது. "அப்படின்னா மார்க் போடலாமா சார்?"

"எப்படிப் போடறது? உட்பொருள் வைக்கறதுக்குப் பிள்ளைங்களுக்கு அனுமதி கிடையாது. பாடப் புத்தகத்துல இருக்கறவங்க மட்டுந்தான் வைக்கலாம். அதுவும் காலமாகியிருக்கணும்."

துறைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். புதியவருக்குப் புத்தி சொல்லும் பொறுமை அவரிடம் இருந்தது.

"சார், அவ எழுதினது உண்மைன்னே வெச்சுக்குவோம். உண்மையை எதோட ஒப்பிட்டு நான் மார்க் போடறது? அவங்க வீட்டுக்குப் போய் அந்தம்மா காலை எப்படி வெச்சுத் தூங்கறாங்கன்னு பாத்துட்டு வரட்டுமா? இங்க எல்லாருக்கும் ஒரே அம்மா. பணக்காரப் பிள்ளைக்கும் அவங்கதான், ஏழைப் பிள்ளைக்கும் அவங்கதான். இதைவிடச் சமத்துவம் எங்க இருக்கு? போன வருஷம் ஒரு பையன். அவங்க அம்மா தவறிப்போய் ரொம்ப நாளாச்சு. பரீட்சையில 'என் அம்மா' வந்துச்சு. சேவல், புன்னகை, பால், மெழுகுவர்த்தி, ஒண்ணு விடல சார். 'தினமும் எனக்குக் கையசைக்கிறாள்'னு முடிச்சிருந்தான். நானே கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவனுக்கு, அவ்வளவு சந்தோஷம்."

அந்தப் பையனின் சாதனையை மெச்சி மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு துறைத் தலைவர் தீர்ப்புச் சொன்னார். கட்டுரைக்குப் பூஜ்யம். கட்டுரையில் பூஜ்யம் என்றால் ஆங்கிலத்தில் தோல்வி. ஆங்கிலத்தில் தோற்றால் மேல் வகுப்பு கிடையாது. ஒரு வாரத்துக்குள் முறைப்படி எழுதிக் கொடுத்தால் மன்னிக்கலாம். "அப்புறம் சார்," என்று பேனாவை மூடிக்கொண்டே சேர்த்துச் சொன்னார், "உங்களைப் பத்தியும் வருஷக் கடைசியில நான் எழுதியாகணும்."

புது சார் தம் கையாலேயே முழு மதிப்பெண்ணை அடித்து, பக்கத்தில் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டார். 'மிக நன்று' மட்டும் கீழே அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது கமா டீச்சர் வெள்ளை மை நீட்டினார்.

வராந்தாவில் துறைத் தலைவரோடு தனியாக நடக்கையில் எங்கிருந்தோ புது சாருக்குத் துணிச்சல் வந்தது. "சார், உங்க அம்மா எப்படி சார்?"

"எங்க அம்மாவா? காலங்காத்தால, சேவல் கூவறதுக்கு முன்னாடியே எழுந்திருப்பாங்க. எப்பவும் சிரிச்ச முகம். சூடாப் பால் குடுப்பாங்க..." துறைத் தலைவர் நடையை நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்தார். நாக்கு நுனியில் நிற்கும் ஏதோ ஒன்றைப் பிடிக்கப் பார்ப்பவர் போல் சுவரையே பார்த்தார். "அதுக்கு மேல... அவங்க போய் ரொம்ப வருஷமாச்சு சார். அதுக்கு மேல ஞாபகம் வரல." பிறகு அவசரமாக மணிக்கட்டைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவர் கையில் கடிகாரம் இல்லை.

இப்போது யார் அந்தப் பெண்ணிடம் சொல்வது? புது சார்தான் சொன்னார். மதிய இடைவேளையில், காலி வகுப்பறையில், தாளை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இதை வேற மாதிரி எழுதிக் குடுத்துடும்மா. மாதிரிக் கட்டுரை இருக்குல்ல, அதைப் பாத்து."

"நீங்கதானே சார் நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. இல்லைன்னு யார் சொன்னா?"

"அப்புறம் ஏன் சார் பூஜ்யம்?"

"பாரு, கட்டுரைல வர்ற அம்மா வேற, வீட்டுல இருக்கற அம்மா வேற. யாரும் உங்க அம்மாவைக் குறை சொல்லல."

"எங்க அம்மான்னுதானே சார் எழுதறேன்?"

புது சார் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் அன்று மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார். "மேல் வகுப்புக்குப் போகணுமா வேணாமா?" என்று கேட்டார். கேட்டவுடனேயே அந்தக் குரல் துறைத் தலைவரின் குரலாக இருக்கிறதே என்று கூசிப்போனார். ஆனால் கேட்டது கேட்டதுதான். அந்தப் பெண் தாளை எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாளே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். செய்வதைத் திருந்தச் செய்கிறவள். மற்றவர்கள் மனப்பாடம் செய்ததைக் கக்கியிருந்தார்கள். இவளோ மாதிரிக் கட்டுரையை உயிரோடு எழுப்பி உட்காரவைத்திருந்தாள். சேவல் கூவியது. பாலில் ஆவி பறந்தது. வாசலில் நிற்கும் அம்மாவின் கை, தெரு திரும்பும்வரை அசைந்துகொண்டே இருந்தது. துறைத் தலைவரின் ஸ்கேல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வழுக்கிக்கொண்டு போனது. "பாத்தீங்களா சார், நீங்களே திருத்திட்டீங்க! உங்ககிட்ட விஷயம் இருக்கு" என்று அவர் புது சாரின் தோளைத் தட்டினார். வரப்போகிற ஆங்கில நாள் விழாவில் கல்வி அதிகாரி முன்னிலையில் அந்தப் பெண்ணே இதை மேடையில் வாசிக்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்.

அன்றிலிருந்து புது சாருக்குக் காலையில் ரொட்டி இறங்கவில்லை. கையில் எடுத்தால் மாவு படிந்த ஒரு புருவம் நினைவுக்கு வந்தது. "என்னங்க, ரொட்டி கெட்டுப்போச்சா?" என்று மனைவி முகர்ந்து பார்த்தாள். "இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார். பள்ளிக்குப் போக அவர் விடிந்ததும் ஏறும் பேருந்து அந்தத் தொழிற்சாலைச் சுவரை ஒட்டித்தான் போகும். ராத்திரி வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வருகிற நேரம் அது. இவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அவர்களில் ஒருத்திக்கும் இவரைத் தெரியாது. தெரியாதவர்களிடமிருந்து ஒளிந்துகொள்வது எவ்வளவு கேவலம் என்று அவருக்கே தெரிந்தது. இருந்தும் தாளைத் தாழ்த்த முடியவில்லை. வகுப்பில் அந்தப் பெண் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை. அவளைத் திருத்திவிட்டதாக உட்பொருள் சாரும் இவரைப் பாராட்டினார்.

ஆங்கில நாள் வந்தது. பெற்றோர் அரங்கை நிறைத்தார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் புரியாது என்பதால், எங்கே கைதட்ட வேண்டும் என்று காட்ட மேடை ஓரத்தில் ஒரு மணி வைக்கப்பட்டிருந்தது. மணிப் பொறுப்பு கமா டீச்சருக்கு. காற்புள்ளிக்கு லேசாகவும் முற்றுப்புள்ளிக்கு அழுத்தியும் அடித்தார்.

கல்வி அதிகாரி 'சொந்தமாகச் சிந்திப்பதன் அவசியம்' என்ற பொருளில் உரையாற்றினார். அவரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான். அந்த உரை அலமாரியில் இருக்கும் மாதிரிக் கட்டுரைகளில் ஒன்று. முன்வரிசைப் பிள்ளைகள் அவரோடு கூடவே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நடுவில் அவர் ஒரு வரியை மறந்து தடுமாறியபோது ஒரு மாணவி கீழேயிருந்து எடுத்துக்கொடுத்தாள். அவர் நன்றி சொல்லிவிட்டு, சொந்தமாகச் சிந்திப்பதைத் தொடர்ந்தார்.

அடுத்து ஜன்னலோரத்துப் பெண் மேடையேறினாள். நிறுத்தி நிதானமாக வாசித்தாள். சேவல் வந்த இடத்தில், அந்தப் பள்ளியிலேயே படித்த பெற்றோர் சிலர் பழகிய பாட்டைக் கேட்டது போல் தலையசைத்தார்கள். மெழுகுவர்த்தி வந்தபோது கல்வி அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே எங்க அம்மா" என்று துறைத் தலைவரின் காதில் சொன்னார். "எங்க அம்மாவும் இப்படித்தான் சார்" என்றார் துறைத் தலைவர்.

புது சார் அரங்கின் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவருக்கு முன்னால் கடைசி வரிசையில், தொழிற்சாலைச் சீருடையிலேயே ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். தூக்கமில்லாத கண்கள் சிவந்திருந்தன. மணி அடிக்காத இடங்களிலும் கைதட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரியிடம் "என் பொண்ணு, என் பொண்ணு" என்று இரண்டு முறை சொன்னாள். யார் என்று புது சாருக்கு யாரும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

விழா முடிந்ததும் நழுவிவிடலாம் என்றுதான் பார்த்தார். அதற்குள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவளே எதிரில் வந்து நின்றாள்.

"சார், நீங்கதானே எழுதச் சொல்லிக்குடுத்தீங்க? எல்லாரும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்களே, அப்படி என்ன சார் என்னைப் பத்திச் சொன்னா? இவகிட்டக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா."

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துறைத் தலைவர் இரண்டடி தள்ளி, புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். புது சாருக்கு வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுவது, சூடான பால், தலை வாரிவிடுவது, வாசலில் நின்று கையசைப்பது, கோபப்படாதது, களைப்படையாதது. சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. அந்தம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பும் அதோடு சேர்ந்து மெல்ல இறங்கியது.

"வாசல்ல நின்னு கையசைக்கறதா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் ஒருநாள்கூட அப்படி நின்னதில்லையே சார். வந்து படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன். இவ பாட்டுக்கு எழுந்து போயிடுவா. இவளுக்கு அதுதான் தோதுன்னு நினைச்சேன்." மகளின் தலையைத் தடவினாள். "இப்படி ஒரு அம்மா வேணும்னு இவளுக்கு மனசுக்குள்ள இருந்திருக்கு பாருங்க."

"இல்லம்மா" என்றாள் அந்தப் பெண், அடித்தொண்டையில். "அது சும்மா மார்க்குக்கு எழுதினது. பாத்து எழுதினது."

"எனக்காகச் சொல்லாதடி. மனசுல இல்லாமலா ஊரே அழற மாதிரி வரும்?"

அந்தப் பெண் நிமிர்ந்து புது சாரைப் பார்த்தாள். சொல்லுங்கள் சார் என்பதுதான் அந்தப் பார்வை. அவருக்குப் புரிந்தது. ஒரே ஒரு வரி போதும். இது அவள் எழுதியது இல்லை, நாங்கள் எழுதவைத்தது, அவள் எழுதியது வேறு, அது உங்களைப் பற்றியது. வரி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார்.

"சார்," என்று துறைத் தலைவர் தோளில் கை வைத்தார், "அதிகாரி உங்களைக் கேக்கறார். வேலை நிரந்தரம் விஷயமா இன்னிக்கே பேசி முடிச்சுடலாம்."

திறந்த வாய் திறந்தபடி இருந்தது.

"நீங்க போங்க சார், பெரியவங்க காத்திட்டிருக்காங்க" என்றாள் அந்தம்மாள். "நான் பகல் ஷிப்ட் கேட்டுப் பாக்கறேன். அடுப்புப் பக்கம் விட மாட்டாங்க, பெட்டி மடிக்கற இடத்துலதான் போடுவாங்க. நான்தான் அங்க அடுப்புக்குத் தலைவி, தெரியுமா? என் கை பட்டாத்தான் ரொட்டி சரியா உப்பும்பாங்க. போகட்டும், அதனால என்ன. பிள்ளை ஆசைப்படறா." கலங்கிய கண்களோடு கைகூப்பினாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார். நீங்க எழுத வெச்சதாலதான் இவ மனசுல இருக்கறது எனக்குத் தெரிஞ்சுது. இல்லேன்னா இவ சொல்லியே இருக்க மாட்டா."

அந்தப் பெண் இன்னும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லைம்மா" என்றார் புது சார்.